ஒட்டுத் தகடும் ஒரு கூப்பர் காரும்

பழைய யந்திரங்களைப் புதுப்பிக்கும் காரியத்தில் ஈடுபட்டவர்கள் கூடிப் பேசுமிடத்தில், "ஆதி நிலை" என்ற ஒன்றைப் பற்றி மிகுந்த பக்தியோடு பேசுவது வழக்கம். தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டி வெளியே வந்த முதல் நாளில் வண்டி எந்த நிறத்தில் இருந்ததோ, எந்தத் துளையில் எந்த ஆணி முடுக்கப்பட்டிருந்ததோ, அவ்வண்ணமே அதைத் திரும்பவும் கொண்டுவந்து நிறுத்துவதே இத்தொழிலின் பரம லட்சியம் என்பது அவர்களுடைய சித்தாந்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு பத்து ஃபிரிங்கிக் கடற்கரைக்குப் போய்வந்த ஒரு மோரிஸ் மைனருக்கு அது பொருந்தலாம். பந்தயக் காருக்குப் பொருந்தாது என்பது, அத்தகைய கார் ஒன்றை என் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டி ஓட வைத்த அனுபவத்தினால் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். பந்தயக் கார் ஆதி நிலையில் இருப்பது முதல் பந்தயத்தின் முதல் வளைவு வரையில்தான். அதற்கப்பால் அது, வளைந்ததை நிமிர்த்தியும், உடைந்ததை ஒட்டியும், கனம் மிகுந்த இடத்தில் துளையிட்டும், அடுத்த பந்தயத்துக்கு எப்படியாவது போய்ச் சேரவேண்டும் என்ற ஒரே சிந்தனையுடன் இரவோடிரவாகப் பலபேர் கைபட்டு மாறிக்கொண்டே போகும் வஸ்து.

என் தொழில் மோட்டார்க் கார்களில் தொடங்கியதல்ல. பினாங்குத் தீவின் எதிர்க்கரையில், பட்டர்வொர்த் பக்கத்திலிருந்த கப்பற் பட்டறை ஒன்றில் பயிற்சிப் பையனாகச் சேர்ந்து, காலையில் ஃபெர்ரியில் போய் மாலையில் ஃபெர்ரியில் திரும்பி, இழுவைப் படகுகளின் எஞ்சின்களையும் நீரேற்றிகளையும் பழுதுபார்த்தே என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. முதலில் அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கரடுமுரடான இரும்புக் கட்டியைக் கையில் கொடுத்து, ஆறு பக்கமும் சதுரமாக, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவாதபடி அராவிக் கொண்டு வரச் சொல்லுவார்கள். அந்த அப்பியாசத்தின் பிரயோஜனம் அப்போது விளங்கவில்லையாயினும், பிறிதொருவன் அராவிய இரும்பைக் கண்டால் அவன் வலக்கைக்காரனா இடக்கைக்காரனா, அவசரத்தில் செய்தானா நிதானத்தில் செய்தானா என்று சொல்லும் பழக்கம் அதிலிருந்தே வந்தது. இக்கட்டுரையின் முக்கியமான விஷயம் ஒன்று அந்தப் பழக்கத்தினால்தான் எனக்குப் புலப்பட்டது.

நான் புதுப்பித்த வண்டி, இங்கிலாந்தில் ஸர்பிட்டன் என்ற ஊரில் சார்லஸ் கூப்பரும் அவர் குமாரர் ஜான் கூப்பரும் நடத்திய மோட்டார்ப் பட்டறையில் பிறந்த கூப்பர் 500. இரண்டாம் உலகயுத்தம் முடிந்த மறு வருஷமாகிய 1946-இல், பெட்ரோலும் பணமும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், சொற்பச் செலவில் பந்தயம் ஓடவேண்டுமென்று விரும்பிய வாலிபர்களுள் ஒருவரான ஜான் கூப்பர், ஃபியட் டோப்போலினோ என்ற சிறிய இத்தாலியக் காரின் முன்பாகங்கள் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்து, அவற்றின் நடுவே ஓட்டுபவனை உட்காரவைத்து, அவனுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தினார். எஞ்சின் பின்னால் போனதற்குப் பெரிய விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றுவது, ஆகவே சுழற்றப்படும் அச்சுக்குப் பக்கத்தில் அது இருந்தாக வேண்டும், அவ்வளவே. ஆனால் அந்தச் சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு உலகப் பந்தயக் கார்களின் அமைப்பையே மாற்றிவிட்டது. 1948-இல் ஸ்டர்லிங் மாஸ் என்ற இளைஞர் இவ்வகைக் காரில்தான் பிரசித்தியடையத் தொடங்கினார். 1950-இல் ஐந்நூறு சி.சி. கார்களுக்கென ஃபார்முலா 3 என்ற சர்வதேச வகுப்பே ஏற்பட்டது; 1958-இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் அதே மாஸ், எஞ்சின் பின்னாலிருக்கும் கூப்பரை ஓட்டி, முன்னால் எஞ்சின் வைத்த பெரிய கார்களையெல்லாம் வென்றார்; 1959, 1960 ஆகிய இரு வருஷங்களிலும் ஜாக் பிரபாம் கூப்பரிலேயே உலக சாம்பியனானார். அதற்குப் பின் முன்னால் எஞ்சின் வைத்துக் கிராண்ட் பிரீக் கார் செய்வார் அருகிப்போயினர்.

மலாயாவுக்கு இவ்வண்டிகள் வந்த கதையும் சுவாரசியமானதே. யுத்தத்துக்கு முன்பே, 1940-இல், ஜொகூர் பாருவின் வீதிகளில் கிராண்ட் பிரீ என்ற பெயரில் பந்தயம் நடந்தது. யுத்தத்துக்குப் பின் அது புத்துயிர் பெற்றது. தோட்டத்துத் துரைமார்கள், ராணுவ உத்தியோகஸ்தர்கள், சிங்கப்பூர் வியாபாரிகள், செல்வந்தச் சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோர் எம்.ஜி. கார்களையும் இந்தக் கூப்பர்களையும் கொண்டு போட்டியிட்ட காலம் அது. 1954-இல் மக்காவு நகரில் பந்தயம் தொடங்கியது. 1961-இல் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் கிட்டத்தட்ட மூன்று மைல் சுற்றளவுள்ள பாதையில் ஆரம்பித்த கிராண்ட் பிரீ, மறு வருஷம் முதல் சில காலம் மலேசியா கிராண்ட் பிரீ என்ற பெயரையே தாங்கி நின்றது. அந்தப் பந்தயத்தை 1966-இல் லீ ஹான் செங் வென்றது லோட்டஸ் 22 என்ற காரில். தண்ணீரால் குளிரூட்டும் நான்கு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் உடைய அத்தகைய வண்டிகள் வந்துவிட்ட பிறகு, ஒற்றைச் சிலிண்டரும் சங்கிலியும் கொண்ட கூப்பரை யார் சீண்டுவார்கள்? துரைமார்கள் கப்பலேறினார்கள். வண்டிகள் கித்தாக் கொட்டகைகளிலும் லோரி ஷெட்டுகளிலும் தங்கிவிட்டன.

எனக்குக் கிடைத்தது அப்படித் தங்கிவிட்ட ஒன்றுதான். எதிர்க்கரையில், பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில், இடிக்கவிருந்த பழைய பட்டறையின் இரும்புச் சாமான்களை நிறுத்து விற்கப்போவதாகவும், அவற்றுள் "துரையின் பிள்ளை விளையாடிய கார்" ஒன்று இருப்பதாகவும், அங்கே கிராணியாக இருந்த என் உறவினர் சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தால், கரையான் தின்ற ஆசனமும், குளவி கூடுகட்டிய கார்புரேட்டர் வாயும், மூக்கு நசுங்கிய அலுமினிய உடலுமாக, விளையாட்டுக் கார் என்று கிராமத்தார் நினைத்ததில் தவறில்லை என்னும்படியாக அது கிடந்தது. எஞ்சின் மாத்திரம் தனியே ஒரு சாக்கில் கட்டி, நிறைய கிரீஸ் தடவி, உத்தரத்தில் தொங்கவிடப்பட்டிருந்தது. யாரோ ஒரு மனிதன், இது மறுபடியும் ஓடும் என்று எண்ணி அப்படிச் செய்திருக்கிறான். இரும்பு விலைக்கே வாங்கினேன்.

ஜார்ஜ் டவுனில் டத்தோ கெராமட் சாலையை அடுத்த சந்தில் உள்ள என் வீடு, இவ்வூரின் பழைய வீடுகளைப் போலவே, முகப்புக் குறுகி உள்ளே நீண்டு கிடப்பது. நடுவில் வானம் பார்த்த முற்றம். கதவுப் பலகைகளைக் கழற்றி, அஞ்சடி எனப்படும் வாசல் நடைபாதையிலிருந்து வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் முற்றத்துக்கு முந்திய கூடத்தில் நிறுத்தினோம். வீட்டில் இருப்பவர்களின் சம்மதத்தைப் பற்றி விரிவாக எழுதுவது உசிதமன்று.

பிரிப்பதற்கு முன்னே செய்யவேண்டியது எழுதுவது. ஒவ்வொரு பாகத்தையும் இருந்த இடத்திலேயே படம் பிடித்து, அட்டைச் சீட்டில் குறித்துக் கட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த ஆணி எவ்வளவு இறுக்கமாக இருந்தது, வாசர் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பதுவரை பதிந்துகொண்ட பின்னரே ஸ்பானரைத் தொட்டேன். ஸ்பானர் என்பதும் இங்கே எளிய விஷயமல்ல. அக்காலத்து ஆங்கில வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்னும் மரைகள்தான், இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் பொருந்தாது, பொருந்துவதுபோல் தோன்றி நட்டின் மூலையை உருட்டிவிடும். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று, போல்ட்டின் கனத்தைக் குறிப்பது. ஆகையால் கால் அங்குல விட்வொர்த் என்று பொறித்த ஸ்பானரே 5/16 அங்குல பி.எஸ்.எஃப். நட்டுக்கும் சேரும். இந்தச் சூட்சுமம் தெரியாத இளைஞர்கள் இவற்றை உபயோகமற்றவை என்று ஒதுக்கிவிடுவதன் பயனாக, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், தேவைப்பட்ட ஸ்பானர்கள் எல்லாம் ஒவ்வொன்றாய்ச் சொற்ப வெள்ளிக்குக் கிடைத்துவிட்டன.

அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. எங்கள் வீட்டுத் தரையோ, நூறு வருஷத்துக் களிமண் ஓடு பதித்தது; அலைபோல் ஏறி இறங்குவது. அதை நம்பி எதையும் அளக்கமுடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு, நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்துக்கு மரக்கட்டைகளை அடுக்கி, சட்டத்தை அவற்றின்மேல் கிடத்தி, சக்கர அச்சுகளைத் தாங்கும் ஒவ்வொரு துளையிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்தேன். பிறகு சட்டத்தை அப்பால் தூக்கிவிட்டு, தரையிலுள்ள புள்ளிகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக மூலைவிட்டங்களை அளந்தால், இரண்டும் சமமாக இருந்தாலொழியச் சட்டம் கோணலென்று அர்த்தம். இதற்கு ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் லேசர்க் கருவிகள் இன்றைக்கு உண்டு. தூக்குக்குண்டு பொய் சொன்னதாக நான் கேட்டதில்லை.

சட்டம் நேராகவே இருந்தது. அது நேராக இருந்ததுதான் ஆச்சரியம். ஏனென்றால் இடப்பக்கத்து நீளச் சட்டம், ஓட்டுபவனின் முழங்காலுக்கு நேரே, ஒரு காலத்தில் முறிந்திருந்தது. முறிவின்மேல் வெளிப்புறமாக ஓர் உருக்குத் தகடு வைத்து, சில ரிவெட்டுகளாலும் கியாஸ் வெல்டிங்காலும் அதைப் பிணைத்திருந்தார்கள். ஸர்பிட்டனில் செய்த வேலையல்ல இது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தகட்டின் ஓரத்தில் பழைய துளைகளின் பாதி வட்டங்கள் வரிசையாகத் தென்பட்டன. ஏதோ ஒரு கொதிகலனிலிருந்தோ தொட்டியிலிருந்தோ வெட்டியெடுத்த தகடு. ரிவெட்டுகளின் தலைகள் யந்திரத்தால் அமுக்கியவையல்ல, கையால் அடித்து உருட்டியவை. ஆனால் நான் நெடுநேரம் நின்று பார்த்தது தகட்டின் இரு முனைகளையுந்தான்.

சாதாரணமாக ஒரு தொழிலாளி ஒட்டுத் தகடு வைக்கிறானென்றால் அதைச் செவ்வகமாக வெட்டி, நான்கு பக்கமும் சுற்றி வெல்டிங் செய்துவிடுவான். பார்வைக்குப் பலமாகத் தோன்றும். உண்மையில், சட்டத்துக்குக் குறுக்காக நேர்கோட்டில் ஓடும் அந்த வெல்டிங், அங்கே இரும்பைச் சூட்டினால் பதம் கெடச் செய்வதோடு, கனத்த பாகமும் மெல்லிய பாகமும் சந்திக்கும் எல்லையாகவும் ஆகிவிடுவதால், சட்டம் வளைந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் முழு அழுத்தமும் அந்த ஒரே கோட்டில் வந்து குவியும். சில நாளில் பழைய முறிவுக்குப் பக்கத்திலேயே புது முறிவு உண்டாகும். இதைத் தவிர்க்கத் தகட்டின் முனைகளைச் சாய்வாக, மீனின் தலையும் வாலும்போல் குறுகிப்போகும்படி வெட்டி, பலம் படிப்படியாகக் குறைந்து சட்டத்தோடு கலக்கும்படி செய்யவேண்டும். இந்தத் தகட்டைச் செய்தவன் அப்படியே செய்திருந்தான். சாய்வின் முனையில் வெல்டிங்கை நிறுத்தி, நெருப்புப் படாமல் விட்டு, அங்கே ரிவெட்டைப் போட்டிருந்தான். ஓரங்களை அராவியிருந்த தடங்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, கோடுகள் ஒரே சீராய், ஒரே கோணத்தில், அவசரமே இன்றி ஓடின. இடக்கைக்காரன்.

அவன் யாரென்பதை அறிய வழியில்லை. அந்தக் காலத்துத் தோட்டப் பட்டறைகளில் கொதிகலனையும் ரப்பர்த் தாள் உருட்டும் யந்திரங்களையும் பராமரித்தவர்களில் நம்மவர்கள் பலர் என்பது தெரிந்த சங்கதி. அவர்களுள் ஒருவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படியாயினும், இங்கிலாந்திலிருந்து புதுச் சட்டம் தருவிப்பதா, தகட்டை வெட்டியெடுத்துவிட்டுப் பழுதே தெரியாமல் புது உருக்கை நுழைத்து ஒட்டுவதா, அல்லது தகட்டை இருந்தவாறே விடுவதா என்ற கேள்விக்கு எனக்கு அன்று மாலையே விடை கிடைத்துவிட்டது. கப்பற் பட்டறையில் சுக்கான் தண்டுகளுக்குச் செய்வதுபோல், சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவி, விரிசல் இருந்தால் அதனுள் ஒளிந்த சாயம் வெளியே கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. தகடு தங்கிவிட்டது.

இதைக் கேட்டு, பழையது எதுவாயினும் விடமாட்டாத பிடிவாதக்காரன் நான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சக்கரங்களின் விஷயத்தில் எனக்கு அணுவளவும் தயவு உண்டாகவில்லை. கூப்பரின் சக்கரங்கள் எலெக்ட்ரான் எனப்படும் மக்னீசியக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டவை. அலுமினியத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கே உள்ள உலோகம். சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்படமாக இருக்க, தேய்மானத்துக்காக, வார்ப்படத்தைச் சூடேற்றி உள்ளே ஓர் இரும்பு வளையத்தைச் செருகியிருப்பார்கள். காற்றில் உப்பும் ஈரமும் கலந்த பினாங்கைப் போன்ற ஊரில், இரும்பும் மக்னீசியமும் தொட்டுக்கொண்டிருந்தால், இரும்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டு மக்னீசியத்தை அரிக்கவிடும். வளையத்தைச் சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்து, விரல் நகத்தால் கீறினால் உதிர்ந்தது. சாயம் தடவிப் பார்க்கவே தேவையில்லாத நிலை. ஆயினும் தடவினேன், ஆரங்களின் அடிவாரத்தில் ரத்தம்போல் கோடு கோடாகச் சிவந்தது. ஐம்பது அறுபது வருஷமான மக்னீசியச் சக்கரத்தில் ஒரு மனிதனை உட்காரவைத்து மணிக்கு நூறு மைல் வேகத்துக்கு அனுப்புகிறவன் ரசிகனுமல்லன், தொழிலாளியுமல்லன். இங்கிலாந்தில் இவ்வகைக் கார்களை வைத்திருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது; அதன் மூலமாக, பழைய அச்சுப்படியே புதிதாக வார்த்த சக்கரங்களைத் தருவித்தேன். காருக்குக் கொடுத்ததைப்போல் பன்மடங்கு அவற்றுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் புதுச் சக்கரங்களின் உட்புறத்தைக் கடைந்து வளையத்துக்குச் சரிசெய்யும் வேலைக்கு, ஜெலுத்தோங்கில் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒரு முதிய சீனரிடம் போனேன். நாங்கள் பழகிய நாளாக அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரைத் "தவுக்கே" என்பேன்; பேச்சு மலாயில் நடக்கும். உலோகத்தின் பெயரைச் சொன்னதுமே, அவர் பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த பையனை வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச்சொன்னார். லேத்தின் அடியில் கிடந்த சீவல்களையெல்லாம் பெருக்கி, இரண்டு வாளி காய்ந்த மணலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தண்ணீர் வாளியை எடுத்துத் தெருவில் வைத்தார். மக்னீசியச் சீவல் பற்றிக்கொண்டால் தண்ணீர் அதை அணைக்காது. தண்ணீரையே பிளந்து ஹைட்ரஜனாக்கி இன்னும் பெரிதாக எரியும். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் அநேகர். சொல்லாமலே வாளியை இடம் மாற்றுகிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

இனி எஞ்சின். லண்டனில் டாட்டன்ஹாம் பகுதியில் ஜே.ஏ. பிரெஸ்ட்விச் கம்பெனி செய்த, ஜாப் என்று எல்லோரும் சொல்லும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். புழுதித் தடத்தில் வட்டமடிக்கும் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள்களுக்காக உண்டாக்கியது. 80 மில்லிமீட்டர் விட்டம், 99 மில்லிமீட்டர் ஓட்டம். குளிரூட்டக் காற்றுதான். உயவு எண்ணெயோ, சாதாரண எஞ்சின்களில்போல் சுற்றிச் சுற்றி வருவதில்லை. பம்பு சிறுகச் சிறுக உள்ளே அனுப்பும், வேலை முடிந்த எண்ணெய் வெளியே போய்விடும். ஒரு பந்தயம் வரையில் உயிரோடிருந்தால் போதும் என்ற துறவு மனப்பான்மையோடு செய்த யந்திரம்!

உபயோகித்த எண்ணெய் ஆமணக்கெண்ணெய். கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் வயிற்றைச் சுத்திசெய்ய விற்கும் விளக்கெண்ணெயின் சகோதரம்தான் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. சூடேறிய உலோகத்தின்மேல் இதைப்போல் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு காக்கும் எண்ணெய் அக்காலத்தில் வேறில்லை. காஸ்ட்ரால் கம்பெனிக்கு அப்பெயர் வந்ததே இதனால்தான். மற்றொரு காரணமும் உண்டு. இந்த எஞ்சினுக்கு எரிபொருள் மெத்தனால். கனிம எண்ணெய் மெத்தனாலோடு கலவாமல் பிரிந்து நிற்கும், ஆமணக்கெண்ணெய் கலந்துகொள்ளும். ஆனால் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது அரக்குப்போல் இறுகிவிடும். என் எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் அப்படி இறுகித் தங்கள் பள்ளங்களில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சுத்தியலைத் தொடாமல், மெத்தனாலை ஊற்றி ஊறவைத்து, இளஞ்சூடு கொடுத்து, மறுபடி ஊறவைத்து, தானாக விடும்வரை காத்திருந்தேன். உள்ளே துருவே இல்லை. சாக்கில் கட்டித் தொங்கவிட்ட அந்த மனிதனும் இறுகிய எண்ணெயும் சேர்ந்து அதைக் காத்திருந்தார்கள்.

சுழல்தண்டின் கீழ்ப்பேரிங்கை மாற்றிய பிறகு, இரண்டு கனத்த பறக்கும் சக்கரங்களையும் ஒரே அச்சில் நிற்கும்படி நேர்ப்படுத்துவதுதான் இவ்வெஞ்சினில் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. இரு சக்கரங்களையும் இணைக்கும் முள் கூம்பாகக் கடைந்தது. முடுக்கும்போது மயிரிழை பிசகினாலும் தண்டு தள்ளாடும். லேத்தின் இரு முனைகளுக்கிடையே நிறுத்தி, முள்மானியை வைத்து மெல்லச் சுழற்றி, எங்கே முள் உயருகிறதோ அங்கே செம்புச் சுத்தியலால் ஓர் அடி. மறுபடி சுழற்றி மறுபடி ஓர் அடி. எவ்வளவு பலமாக அடிக்கவேண்டுமென்று எந்தப் புத்தகமும் சொல்லாது. தவுக்கேயும் நானும் மாறி மாறி அடித்தோம். நண்பகல் தேநீருக்கு முன் முள் ஏறக்குறைய அசையாமல் நின்றது. அவருக்குத் திருப்தி, எனக்கில்லை. மாலையில் எனக்கும் திருப்தியாயிற்று.

தீப்பொறி தரும் மாக்னெட்டோ செத்துக் கிடந்தது. உள்ளேயிருக்கும் கம்பிச் சுருளுக்கு அக்காலத்தில் அரக்குப் பூசுவார்கள். இங்கிலாந்தின் குளிருக்கு அது தகும், நம் வெப்பத்தில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் இளகி வழிந்து, சுழலும் பாகத்தையே பிடித்து நிறுத்திவிடும். புதுக்கம்பி சுற்றி, இளகாத பிசின் பூசி, காந்தத்துக்கும் மறுபடி காந்தமேற்றி வாங்கினேன். இதையும் ஆதி நிலைக்கு விரோதம் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து ஒரு பங்குனி மாதம் இருந்து பார்க்கட்டும்.

உடல் தகடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையால் தட்டிச் செய்த அலுமினியம், நசுங்கிய மூக்கை மணல் மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டியெடுத்தேன். பச்சையின்மேல் மஞ்சளும் மஞ்சளின்மேல் சிவப்புமாக மூன்று சாயங்கள் இருந்தன. மேலேயிருந்த சிவப்பையே வைத்துக்கொண்டேன்.

மெத்தனாலைப் பற்றி மட்டும் இத்தொழிலுக்குப் புதியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலேயே லாபுவான் தீவில் உற்பத்தியாகும் பொருள், கிடைப்பது கஷ்டமல்ல. பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் செலவாகும். ஆகவே கார்புரேட்டரின் துளைகள் அதற்குத் தக்கபடி பெரிதாக இருக்கவேண்டும். ஆவியாகும்போது எஞ்சினை உள்ளிருந்தே குளிரவைக்கும். அதனால்தான் காற்றால் மாத்திரம் குளிரும் இச்சிறு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின் தாங்காத அழுத்தத்தைத் தாங்கி, ஐந்நூறு சி.சி.யிலிருந்து நாற்பது குதிரைச் சக்திக்கு மேல் கொடுக்கிறது. ஆனால் அது விஷம்; கண்ணைக் குருடாக்கும், தோல் வழியாகவும் ஏறும். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் ஜ்வாலை தெரியாது. பக்கத்தில் நிற்பவன் துள்ளினால்தான் தீப்பிடித்தது தெரியும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதும், அலுமினியத்தை அரிப்பதும் அதன் சுபாவம். இந்த ஊரின் ஈரக் காற்றில் ஒரே இரவில் தொட்டியிலிருப்பது நீர்த்துப் போகத் தொடங்கும். ஆகவே ஓட்டி முடித்த அன்றைக்கே, எவ்வளவு களைப்பாயிருந்தாலும், தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு, பெட்ரோலை ஊற்றிச் சற்றுநேரம் எஞ்சினை ஓடவிட்டுக் கழுவியாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

முதன்முதலில் எஞ்சினைக் கிளப்பியது எதிர்க்கரையில், அதே தோட்டத்தின் செம்மண் சாலையில். இவ்வகைக் காரைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. தோட்டத்தாரின் அனுமதி பெற்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். தானே கிளம்பும் கருவி எதுவும் கிடையாதாகையால் தள்ளித்தான் கிளப்பவேண்டும். சக்கரங்களைத் தனித்தனியே சுழலவிடும் டிஃபரன்ஷியலும் இல்லாததால், நேராகத் தள்ளினால் நகரும். திருப்பித் தள்ள முயன்றால் பின்சக்கரங்கள் இரண்டும் பிடிவாதம் பிடிக்கும். என் தங்கை மகன் உட்கார, நான்கு பேர் தள்ள, அவன் கிளட்ச்சை விட்டதும் ஓசை முதலில் ஒரு வெடியாகவும் பிறகு ஓயாத முழக்கமாகவும் எழுந்தது. ஆமணக்கெண்ணெய் எரியும் வாசனை செம்பனை வரிசைகளுக்கிடையே வெகுநேரம் நின்றது. வேலை செய்துகொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் அறுவாளோடு ஓடிவந்து நின்று பார்த்தார்கள்.

"மாமா, வளைவில் பின்பக்கம் தானாகத் திரும்புகிறதே!" என்று பையன் இறங்கியதும் சொன்னான்.

"அது அப்படித்தான் திரும்பும். நீ காலை எடுக்காமல் இருந்தால் சரியாகிவிடும்," என்றேன். அவன் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்குச் சில காலத்துக்குப் பின், பழைய கார்கள் பல வைத்திருக்கும் ஒரு கனவான் கோலாலம்பூரிலிருந்து வந்து பார்த்தார். எஞ்சினின் சுத்தத்தை மெச்சினார். புதுச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு குனிந்து இடப்பக்கத்துச் சட்டத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இவ்வளவு செய்துவிட்டு இந்த அசிங்கத்தை ஏன் விட்டுவைத்தீர்கள், ஐயா? கூப்பரின் வரைபடத்தில் இது இல்லையே. இதை எடுத்துவிட்டுத் தாருங்கள், நீங்கள் கேட்கும் விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்."

சக்கரங்களும் மாக்னெட்டோக் கம்பியும் கூடத்தான் கூப்பரின் பட்டறையிலிருந்து வந்தவையல்ல என்றும், அவற்றை அவர் மெச்சினாரே என்றும் நான் சொன்னேன். அவை பழையவற்றின் படியே செய்தவை, இது அப்படியல்ல என்று அவர் வாதித்தார். வாதம் நியாயமானதுதான், இங்கிலாந்தில் ஏலத்துக்குப் போனால் இந்தத் தகட்டினால் விலை குறையும் என்று அவர் சொன்னதும் மெய்யே. முனையின் சாய்வைக் காட்டி, வெல்டிங் ஏன் அங்கே நின்றிருக்கிறது என்று விளக்கினேன். மனிதர் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மேலும் ஐயாயிரம் வெள்ளி கூட்டிச் சொன்னார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தத் தகட்டின் முனைகளில் சாயம் தடவிப் பார்த்துவருகிறேன். கசியும் நாளில் அதை வெட்டி எடுத்துவிட்டு அதே சாய்வில் புதிதாக ஒன்று அராவி வைப்பதற்கு, கொதிகலன் தகடு ஒரு துண்டு லோரோங் கூலிட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.